பாசம் போதும், பஸ்ஸில் ஏறணும்

இன்னைக்கு எபிசோட் ஜப்பானைப் பற்றி. செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம்னு பேச்சு வந்தாலே குழந்தை, தெரபி, ஸ்பெஷல் ஸ்கூல்னுதான் போய் நிற்கும். அந்தக் குழந்தைக்கு 25 வயசு ஆனதும் என்ன?

1957. டோக்கியோவின் கோமெய் பள்ளியில் படித்த சிலர் 'அஓய் ஷிபா நோ காய்' என்ற சங்கத்தைத் தொடங்கினாங்க. பச்சைப் புல் சங்கம்னு அர்த்தம். பள்ளி முடிஞ்சா அவங்களுக்கு ரெண்டே வழி: பெத்தவங்க வீடு, இல்லைன்னா காப்பகம். 1960களில் சிலர் மூணாவது வழி தேடினாங்க. இபராக்கியில் ஒரு பௌத்தக் கோயிலில், துறவி ஒருவரோடு கூட்டாக வாழ்ந்தாங்க. அங்கேயே சிலருக்குக் கல்யாணமும் நடந்தது.

1970 மே. யோகோஹாமாவில் ஒரு தாய், செரிப்ரல் பால்சி உள்ள தன் 2 வயது மகளைக் கொன்றுவிட்டார். 'பாவம் அந்த அம்மா, வசதி இல்லாததாலதானே இப்படி ஆச்சு' என்று, தண்டனையைக் குறைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தினர் மனு கொடுக்கக் கிளம்பினாங்க. யோகோட்டா ஹிரோஷி, யோகோட்சுகா கோய்ச்சி உள்ளிட்ட கனகாவா கிளைக்காரர்கள் அதை எதிர்த்தாங்க. எல்லாரும் அம்மாவுக்காக அழறாங்க, செத்துப்போன குழந்தைக்காக அழ யார் இருக்காங்க என்பதுதான் அவங்க கேள்வி. ஏன்னா அந்தக் குழந்தையின் இடத்தில் அவங்க தங்களைத்தான் பார்த்தாங்க. தீர்ப்பு 2 ஆண்டு சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 1975ல் யோகோட்சுகா எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'அம்மா! கொல்லாதே'.

பெத்தவங்க பாசத்தையே கேள்வி கேட்டது பலருக்கு அதிர்ச்சி. ஆனா வளர்ந்த ஒருத்தரின் வாழ்க்கையை அடுத்தவங்க பாசத்தை மட்டும் நம்பி விட முடியாதுங்கிறதுதான் அவங்க வாதம்.

அடுத்து பஸ். வீல்சேரில் வருபவர் கூட ஒரு துணை ஆள் இருந்தால்தான் ஏத்துவோம்னு பஸ் கம்பெனிகள் சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க: நண்பரைப் பார்க்கப் போகவும் அம்மா கூட வரணும்னா, 30 வயசிலும் நீங்க குழந்தைதான். 1977 ஏப்ரல் 12 அன்று கவாசாகி ஸ்டேஷன் முன்னாடி டஜன் கணக்கானோர் வீல்சேரோடு பஸ்களில் ஏறி, இறங்க மறுத்தாங்க. பஸ்கள் அப்படியே நின்னு போச்சு. காத்திருந்த பயணிகள் பலர் கோபப்பட்டாங்க, பத்திரிகைகளும் திட்டின.

பஸ், ரயில் எல்லாருக்கும் ஏத்த மாதிரி இருக்கணும்னு ஜப்பானில் சட்டம் வந்தது 2000ல். நடுவில் 23 வருஷம்.

உங்க ஏரியா பஸ்ஸில் வீல்சேரோடு ஒருத்தர் தனியா ஏறியதைக் கடைசியா எப்போ பார்த்தீங்க? சொல்லுங்க.