வெயில் கால வேட்டை: உண்ணிக் கடியைத் தவிர்க்க

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெயில் தணியாத செப்டம்பரிலேயே மான் வேட்டை தொடங்கிவிடுகிறது. அப்போது கொசுவோடு உண்ணிக்கும் நாம் அஞ்ச வேண்டும். மான் உண்ணி பரப்பும் லைம் நோய் மூட்டுகளையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடியது.

0.5 சதவீத பெர்மெத்ரின் மருந்தை உடையிலும் காலணியிலும் தெளித்து, உலர்ந்த பின்னரே அணிய வேண்டும். அதைத் தோலில் பூசக் கூடாது. தோலுக்கு டீட் கலந்த பூச்சி விரட்டி போதும். கொசு, உண்ணி இரண்டையும் அது விரட்டும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வோம்.

வீடு திரும்பியதும் அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், தலைமுடி என எல்லா இடமும் பார்த்துக் குளிப்போம். ஒட்டியிருக்கும் உண்ணியைத் தீயால் சுடவோ, அதன்மேல் எண்ணெய் ஊற்றவோ வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அகற்றிவிட்டால் லைம் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பின்னர் காய்ச்சலோ தோலில் படரும் தடிப்போ கண்டால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்வோம்.