சரிவு யாருடையது?
மலைச் சைக்கிளின் சரித்திரமும் 'தேர்வு' என்கிற கட்டுக்கதையும்

1

செங்குத்தான மலைச் சரிவில் இறங்குவதற்கென்று ஒரு சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மில்லிமீட்டர் வேணும்?" என்பதுதான். முன்பக்கமும் பின்பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த வண்டியில், ஒரு பாறையில் மோதும்போது சக்கரம் எவ்வளவு தூரம் மேலே ஏறி மறுபடி இறங்க முடியும் என்பதே இந்த மில்லிமீட்டர். இதை 'டிராவல்' என்கிறார்கள். 120 என்றால் மிதமான பாதை, 160, 170 என்றால் செங்குத்து, 200 என்றால் பந்தயச் சரிவு. அட்டவணை தயாராக இருக்கிறது. கையில் காசு இருந்தால் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. நுகர்வோரின் சுதந்திரம் என்று நமக்குச் சொல்லப்படுகிற சமாச்சாரத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது. சைக்கிள் எதற்காக, அதன் மேல் இருக்கிற உடல் என்ன செய்ய வேண்டும், அது இறங்குகிற மலை யாருக்குச் சொந்தம் என்கிற சண்டைகள். ஜெயித்தவர்களின் பதில் எண்ணாக உறைந்து அட்டவணையில் ஏறிவிடுகிறது. தோற்றவர்களின் பதில் மறக்கப்படுகிறது. முப்பது வருஷம் கழித்து அதே பதில் 'புதுக் கண்டுபிடிப்பு' என்ற பெயரில் விலைக்கு வருகிறது. சரிவில் தவறினால் எலும்பு முறியும்; எனவே இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவு விளையாட்டு இல்லை.

2

தொழில்நுட்பத்தின் சமூக வரலாற்றை எழுதியவர்களில் ட்ரெவர் பிஞ்ச், வீபே பைக்கர் இருவரும் 1984இல் வெளியிட்ட ஒரு கட்டுரை முக்கியமானது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமே சைக்கிள்தான். ஒரு பொருளுக்கு 'இதுதான் அர்த்தம்' என்று பிறப்பிலேயே எதுவும் கிடையாது. அதைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு குழுவும் தன் பிரச்சினையிலிருந்துதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. ஏதோ ஒரு கட்டத்தில் ஓர் அர்த்தம் மற்றவற்றை அமுக்கிவிட்டு 'இயல்பானது' ஆகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம்.

காற்றடைத்த டயரை எடுத்துக்கொள்வோம். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் அதைக் கொண்டுவந்தபோது அது அதிர்வைக் குறைக்கிற சாதனம், அவ்வளவுதான். பந்தயக்காரர்கள் சிரித்தார்கள். குலுங்குவதைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? மறு வருஷமே அந்த டயர் போட்ட வண்டிகள் பந்தயங்களில் ஜெயித்தன. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 'சொகுசு' என்கிற அர்த்தம் 'வேகம்' என்று மாறியது. இதற்கு மூன்று வருஷம் முன்பு, 1885இல், லண்டனில் லின்லி அண்ட் பிக்ஸ் என்ற கம்பெனி 'விப்பெட்' என்று சட்டத்திலேயே ஸ்பிரிங் வைத்த சைக்கிள் ஒன்றைச் செய்திருந்தது. காற்று டயர் வந்ததும் ஸ்பிரிங்குக்கு வேலையில்லாமல் போனது. ஆக, சஸ்பென்ஷன் சைக்கிளின் வயது ஏறக்குறைய 140. அதைத் தூக்கி எறிந்ததும் திரும்ப அழைத்ததும் தொழில்நுட்ப வளர்ச்சி மட்டுமல்ல, அர்த்தம் பற்றிய தகராறும்தான்.

3

திரும்ப அழைத்த கதை கலிபோர்னியாவில், மரின் கவுன்டியில் தொடங்குகிறது. 1970களில் டமால்பையஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைக் காயலான் கடைகளிலிருந்து பொறுக்கினார்கள். 1930களில் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட, தடித்த டயர் போட்ட, கனமான வண்டிகள். பேப்பர் போடுகிற பையன்கள் ஓட்டியவை. யாருக்கும் வேண்டாத அந்தக் குப்பைதான் சரிவுக்குச் சரியாக இருந்தது. டயர் பெருசு, சட்டம் கெட்டி, ஃபோர்க் நன்றாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே ஒரு மண் சாலையில் இறங்குமுகப் பந்தயம் ஒன்று நடந்தது. சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். விழாமல் இறங்கியவர் ஆலன் பாண்ட்ஸ் ஒருவர்தான்; அவரே வெற்றி பெற்றார். இந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்த காரணம் சுவாரஸ்யமானது. அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கிற பிரேக் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருக்கிற கிரீஸ் முழுக்கப் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு ஹப்பைப் பிரித்து, துடைத்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். நம் சைக்கிள் கடைக்காரர் பாஷையில் சொன்னால், தினம் தினம் ஓவராயில்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. 400 மீட்டர் இறங்கும்போது விடுபடுகிற ஆற்றல் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் கொஞ்சம் காற்றோடும் மண்ணோடும் போகும். மிச்சத்தை பிரேக்தான் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். செங்குத்துச் சரிவின் முதல் பிரச்சினை குலுக்கல் அல்ல, நிறுத்துவதுதான் என்பதை அந்த இளைஞர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. புகைகிற ஹப் சொல்லித்தந்தது. இந்தக் கூட்டத்தில் வெண்டி க்ராக் என்ற பெண்ணும் இருந்தார். சரிவில் இறங்கியவரும் அவர்தான், அந்தக் காலத்தைப் புகைப்படமாக எடுத்து வைத்தவரும் அவர்தான். 'ஆண்களின் சாகசம்' என்று பின்னால் விளம்பரங்கள் கட்டிய பிம்பத்துக்கு அவருடைய படங்களே பதில்.

ஜோ ப்ரீஸ் 1977இல் இந்த வேலைக்கென்றே புதுச் சட்டம் கட்டினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி செய்த சட்டங்களை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் மொத்தமாகச் செய்யவைத்த 'ஸ்டம்ப்ஜம்பர்' சந்தைக்கு வந்தது. குப்பை பண்டமானது.

பண்டமானதோடு நிற்கவில்லை. 1980களின் நடுவில் போட்டி என்றால் ஏற்றமும் இறக்கமும் கலந்த நீண்ட தூர ஓட்டம் என்று ஆனது. வடிவமைப்பாளர்கள் ரோடு ரேஸ் சைக்கிளைப் பார்த்து மலைச் சைக்கிளின் கோணங்களைத் திருத்தினார்கள். சாய்ந்திருந்த ஃபோர்க் நிமிர்ந்தது. தரையோடு அது செய்கிற கோணம் 71 டிகிரி என்று நிலைபெற்றது. ஏற்றத்தில் லாவகம், வளைவில் சுறுசுறுப்பு, எல்லாம் சரி. ஆனால் சரிவு தோற்றது. ரீபேக் இளைஞர்களின் உடல் கண்டுபிடித்திருந்த அறிவு 'பழைய வண்டியின் குறை' ஆகிவிட்டது.

4

1989இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் முதல் ஃபோர்க் வெறும் இரண்டு அங்குலம்தான் அசையும். டன்லப்புக்கு நடந்ததே அதற்கும் நடந்தது. கனம், மிதிக்கிற சக்தியெல்லாம் வீண், நல்லா ஓட்டத் தெரிந்தவனுக்கு எதுக்கு இது என்றார்கள். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் க்ரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு இறங்குமுகப் பந்தயத்தை ஜெயித்தார். நூறு வருஷம் கழித்து அதே நாடகம், அதே முடிவு. 'சொகுசு' மறுபடியும் 'வேகம்' ஆனது.

இங்கேதான் சஸ்பென்ஷனின் உண்மையான வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். அது உட்காருகிற இடத்தைக் காப்பாற்ற வந்ததல்ல. சரிவில் யாரும் உட்காருவதே இல்லை, பெடல் மேல் நின்றுகொண்டுதான் இறங்குவார்கள். காற்றில் எகிறிய சக்கரத்தால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. சக்கரத்தை மண்ணோடு ஒட்ட வைப்பதுதான் சஸ்பென்ஷன். மென்மை இல்லை, தொடர்பு.

பின் சக்கரத்தில் இது இன்னும் சிக்கல். செயின் இழுக்கிறது, பிரேக் இழுக்கிறது, இரண்டும் பின்பக்கத்தின் அசைவில் தலையிடுகின்றன. ஹோர்ஸ்ட் லைட்னர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் பின் அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு கீல் வைத்து பிரேக்கின் தலையீட்டைக் குறைத்தார். சின்னக் கீல்தான். அதன் காப்புரிமையை 1998இல் ஸ்பெஷலைஸ்டு வாங்கியது. இன்னொரு இணைப்பு முறையின் காப்புரிமையை சான்டா க்ரூஸ் வாங்கியது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு 'தத்துவம்' இருப்பது போலக் கடையில் பேசுகிறார்களே, அதில் பாதி பௌதிகம், மீதி வக்கீல் நோட்டீஸ். லைட்னரின் உரிமை காலாவதியான பிறகு அந்தக் கீல் பல கம்பெனி வண்டிகளில் தோன்றியதே இதற்குச் சாட்சி. பிராண்டு விசுவாசம் என்பது பல நேரம் காப்புரிமையின் எல்லைக்கோடு.

2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பையில் ஆரோன் க்வின் கிளம்பிய உடனேயே செயின் அறுந்தது. ஒரு மிதிகூட மிதிக்க வழியில்லாமல் இறங்கி, முதலிடம் பிடித்தார். சரிவில் இன்ஜின் புவியீர்ப்புதான். ஆள் செய்வது அதோடு பேரம் பேசுவது.

5

டிராவல் ஏறிக்கொண்டே போனது. 2001இல் வந்த சான்டா க்ரூஸின் வி-10 பத்து அங்குலம் அசைந்தது. ஆனால் மில்லிமீட்டர் ஏறின வேகத்தில் கோணம் மாறவில்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. செங்குத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் ஃபோர்க் அமுங்கும். ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அமுங்கினால் முன்பக்கம் ஒரு டிகிரி நிமிரும். 160 மில்லிமீட்டர் ஃபோர்க் பாதி அமுங்கினால் நாலு டிகிரி போச்சு. ஏற்கனவே நிமிர்ந்த ஃபோர்க் இன்னும் நிமிர்ந்தால் முன் சக்கரம் ஆளுக்கு அடியில் வந்துவிடும். ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறக்க வேண்டியதுதான். அதிக டிராவல், தவறான கோணம்: மெத்தென்று கொண்டுபோய்க் குப்புறத் தள்ளுகிற வண்டி.

2012இல் ஸ்பெயினின் மொண்ட்ரேக்கர் கம்பெனி சட்டத்தின் முன்பகுதியை நீட்டி, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற தண்டைக் குட்டையாக்கியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஃபோர்க் 65, 64, 63 டிகிரி என்று சாய்ந்தது. காயலான் கடை ஷ்வின் தெரிந்து வைத்திருந்த சாய்வு, இன்னும் கூடுதலாகவே திரும்பி வந்தது. இந்தத் தடவை பெரிய விலைச் சீட்டோடு. சீட்டை ஓட்டும்போதே இறக்குகிற வசதியும் இப்படித்தான். 1984இலேயே ஜோ ப்ரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் அதற்கு ஒரு ஸ்பிரிங் செய்திருந்தார்கள். அது மறக்கப்பட்டு, 2000களில் மறுபிறவி எடுத்தது.

ஆக, தேர்ந்தெடுக்கும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் சட்டத்தின் நீளமும் முன்கோணமும். பெடல் மேல் நின்று பார்த்தால் உடல் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறதா? அடுத்து பிரேக், பெரிய டிஸ்க், நீண்ட இறக்கத்திலும் சூட்டைத் தாங்குகிற ஹைட்ராலிக். பிறகு பிடிமானமுள்ள கெட்டி டயர். அதற்குப் பிறகு ஸ்பிரிங்கை உங்கள் எடைக்குச் சரிசெய்வது: பின்பக்கத்தில் ஆள் ஏறி நின்றதுமே டிராவலில் சுமார் 30% அமுங்க வேண்டும், 160க்கு 48. இதைச் செய்யாத 170 மில்லிமீட்டரைவிடச் செய்த 150 மேல். கடைசியில்தான் அந்த மில்லிமீட்டர் கேள்வி.

6

எல்லாம் தேர்ந்தெடுத்தாச்சு. எங்கே இறங்குவது?

அமெரிக்காவின் 1964ஆம் வருஷத்து வனச் சட்டம் பாதுகாக்கப்பட்ட காடுகளில் இயந்திரப் போக்குவரத்தைத் தடுத்தது. சைக்கிளும் அதில் அடக்கம் என்று 1984இல் வனத்துறை விதி தெளிவாக்கியது. மலைச் சைக்கிள் பிறந்த டமால்பையஸ் மலையிலேயே ஒற்றையடிப் பாதைகள் மூடப்பட்டன. மண் சாலைகளில் மணிக்கு 15 மைல் வரம்பு, கண்காணிக்க ராடார். நடப்பவர்கள், குதிரைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வளைவில் பாய்ந்து வருகிற வண்டி அவர்களுக்கு ஆபத்துதான். ஆனால் பொதுவெளியில் மூடப்பட்ட சரிவு வேறிடத்தில் டிக்கெட் போட்டுத் திறந்தது. கனடாவின் விஸ்லர் போன்ற பனிச்சறுக்கு மலைகள், கோடையில் லிஃப்டில் சைக்கிளை ஏற்றி இறங்கவிடுகிற பூங்காக்கள் ஆயின. 200 மில்லிமீட்டர் வண்டி அங்கேதான் அர்த்தப்படும். அதை மிதித்து மலை ஏற யாராலும் நீண்ட நேரம் முடியாது.

அட்டவணை மறைக்கிற விஷயம் இதுதான். இறங்குவதற்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே, மேலே எப்படி ஏறுவீர்கள் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது: சொந்தக் காலிலா, கட்டணம் கட்டியா. ஆகவே கடைக்காரர் "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டால், பதிலுக்கு நாம் கேட்க வேண்டியது: "எந்த மலை? மேலே ஏத்தி விடுறது யாரு?"