நோய்க் கணக்கின் சொற்கள்

1505 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1656 இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற அலமாரியும் மேசையும் சாவியும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்றும் வீட்டுச் சொற்களாய் வழங்குகின்றன. நோயைக் கணக்கெடுக்கும் சொற்களோ ஆங்கில ஆட்சியோடு வந்தவை. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் அவற்றுக்கு இந்நாட்டில் அதிகாரம் அளித்தது.

ஆங்கிலேயர் 'கேஸ்' என்பதும், போர்த்துக்கேயர் 'காசு' என்பதும் ஒரே இலத்தீன் வேரின் கிளைகளாம். அவ்வேரின் பொருள் 'விழுதல்'. தமிழரும் ஒருவர் படுக்கையில் விழுந்தார் என்றே கூறுவர். ஆயின் 'கேஸ்' என்னும் சொல் நம்மவர் காதில் நீதிமன்ற வழக்கையும் நினைவூட்டுகின்றது. அதனால் நோயுற்றவர் குற்றவாளி போலக் கூசி, நோயை மறைக்கவும் நேர்கின்றது.

அறிவிக்கப்பட்ட நோய் வேறு. உறுதிப்படுத்தப்பட்ட நோய் வேறு. வைத்தியரின் ஐயம் முதலாவது. ஆய்வுகூடத்தின் தீர்ப்பு இரண்டாவது. 1914 இல் கொழும்பிற் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. அக்காலத்தில் நகரின் நுண்ணுயிரியலாளராயிருந்த பேபியன் ஹேர்ஸ்ட், எலித் தெள்ளின் இனங்களை நுணுக்குக்காட்டியால் வேறுபடுத்தி ஆராய்ந்தார். எல்லாத் தெள்ளும் ஒரே அளவில் நோயைப் பரப்புவதில்லை என்பது அவ்வாய்வினால் விளங்கிற்று.

போர்த்துக்கேய மொழி வழங்கும் பிரேசில் நாட்டின் அறிக்கைகளில் மற்றொரு சொல்லும் முதன்மை பெறுகின்றது. அது 'டெஸ்கார்ட்டாடு', அதாவது ஆராய்ந்து நீக்கப்பட்டது என்பதாம். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் சீக்கா நோயை ஒட்டிச் சிறுதலையுடன் குழந்தைகள் பிறந்தபோது, அறிவிக்கப்பட்டவை, ஆராயப்படுபவை, உறுதியானவை, நீக்கப்பட்டவை என அந்நாட்டு அரசு தனித்தனியே எண்ணி வெளியிட்டது. ஐயம் நீங்கியதையும் அறிவிப்பது அச்சத்தைத் தணிக்கும் நேர்மையன்றோ!

உறுதி செய்யும் வேலை தளர்ந்தால் விளைவது யாது? இலங்கையில் 1963 இல் உறுதியான மலேரியாத் தொற்றுகள் 17 மட்டுமே. நோய் ஒழிந்ததென எண்ணி மருந்து தெளித்தலும் குருதிப் பரிசோதனையும் குறைந்தன. 1969 இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. மீண்டும் பல்லாண்டுகள் ஒவ்வொரு காய்ச்சலையும் ஐயுற்று ஆராய்ந்த பின்னரே, 2016 இல் இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

2020 ஒக்டோபரிற் கொட்டாஞ்சேனையில் ஊரடங்கு நிலவியபோது, நாள்தோறும் தொற்றாளர் தொகை வானொலியில் ஒலித்தது. 'தொற்றாளர்' என்னும் தமிழ்ச் சொல்லில் வழக்கின் நிழல் இல்லை. அதில் ஒரு மனிதர் இருக்கின்றார். எண்ணைச் சரியாகச் சொல்லுதல் அறிவின் கடமை. அவ்வெண்ணுக்குள் இருப்பவரைக் கூசாமற் காத்தல் அயலாரின் கடமை.