மின்புலம் பட்டதும் சிதறும் துளி... 100 ஆண்டு பழைய கணிப்பு நிஜமானது எப்படி?

எல்சிடி டிவி, கால்குலேட்டர், டிஜிட்டல் வாட்ச்... இவற்றின் திரைக்குள் இருப்பது திரவப் படிகம். திரவம் மாதிரி ஓடும். ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல ஒழுங்காக நிற்கும். இதில் 'ஃபெர்ரோஎலக்ட்ரிக் நெமாட்டிக்' என்ற புது ரகத்தை பல நாட்டு ஆய்வாளர்கள் துருவி வருகிறார்கள்.

அப்படி என்ன வித்தியாசம்?

மூலக்கூறுகளை தீக்குச்சிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நெமாட்டிக்கில் குச்சிகள் ஒரே வாக்கில் இருக்கும். ஆனா மருந்துத் தலை பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அதனால் மின்முனைவு மொத்தத்தில் பூஜ்யமாகிவிடும். புது ரகத்தில் தலைகள் ஒரே பக்கம் பார்க்கும். மின்புலம் கொடுக்காமலேயே திரவத்துக்குள் மின்முனைவு இருக்கும். புலத்தின் திசையை மாற்றினால் அதுவும் திரும்பிவிடும்.

கண்டுபிடித்தது யார்?

இப்படி ஒரு திரவம் சாத்தியம் என 1910-களிலேயே பீட்டர் டிபை, மேக்ஸ் போர்ன் ஆகியோர் கணித்தனர். 1975-ல் அடுக்கடுக்காக அமையும் ஸ்மெக்டிக் வகையில் இந்தப் பண்பு கிடைத்தது. அடுக்கே இல்லாத நெமாட்டிக்கில் மட்டும் சிக்கவில்லை.

2017-ல் பிரிட்டன் குழு 'ஆர்எம்734', ஜப்பான் குழு 'டிஐஓ' என இரு பொருட்களைத் தனித்தனியாக அறிவித்தன. ஆர்எம்734 நிஜமாகவே ஃபெர்ரோஎலக்ட்ரிக்தான் என 2020-ல் உறுதி செய்தது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழு. வழக்கமான நெமாட்டிக்கைவிட இது மின்புலத்துக்கு 100 முதல் 1,000 மடங்கு அதிகமாக வளைந்துகொடுக்கிறது.

துளி ஏன் சிதறுது?

இத்தாலி ஆய்வாளர்கள் இடம்பெற்ற சர்வதேசக் குழு, மின்னேற்றம் தாங்கும் லித்தியம் நையோபேட் படிகத்தின் மேல் ஆர்எம்734 துளிகளை வைத்தது. சூடான துளி சாதாரண நெமாட்டிக்காக இருக்கும்வரை பிரச்னை இல்லை. குளிர்ந்து புது நிலைக்கு மாறியதும், துளிக்குள் குவிந்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, பரப்பு இழுவிசையால் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை. திரவம் தாரை தாரையாகப் பீய்ச்சியடித்துச் சிதறியது. இந்த முடிவு 2022-ல் வெளியானது.

நமக்கு என்ன பயன்?

குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் திரைகள், கெப்பாசிட்டர்கள், ஒளியைக் கட்டுப்படுத்தும் கருவிகள் இலக்கு. 2024-ல் ஜெர்மனி, ஸ்லோவேனியா ஆய்வாளர்கள் இதிலிருந்து குவாண்டம் பிணைப்புள்ள ஒளித்துகள் ஜோடிகளை உருவாக்கிக் காட்டினர். மின்புலத்தாலேயே அவற்றை மாற்றியமைக்கவும் முடிந்தது.

சிக்கல் எங்கே?

ஆர்எம்734 இந்த நிலைக்கு வருவதே சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் கலவைகள் பிறகு வந்துவிட்டன. ஆனால் சின்ன புலத்துக்கே அசையும் குணம்தான் இதன் பலம். துளியைச் சிதறடிப்பதும் அதே குணம்தான். அதை அடக்கி ஆளத் தெரிந்தால்தான் இந்தத் திரவம் லேபைத் தாண்டி நம் கைக்கு வரும்.