பட்டமும் விழாவும்: பேராதனையில் ஒரு சடங்கின் வரலாறு

பல்கலைக்கழகம் பட்டம் வழங்குவதையும் பட்டமளிப்பு விழா நடத்துவதையும் ஒரே செயலாகக் கருதுவது பொது வழக்கம். நடைமுறையில் அவை இரண்டும் வெவ்வேறு நாட்களில் நிகழ்கின்றன. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இறுதித் தேர்வின் பெறுபேறுகளைக் கல்வி விடயங்களுக்குப் பொறுப்பான மூதவை ஏற்றுக்கொண்ட பின்னர், பட்டம் செல்லுபடியாகத் தொடங்கும் நாள் குறிக்கப்பட்டுச் சான்றிதழிலும் இடம்பெறுகிறது. விழாவோ அதற்குப் பல மாதங்கள் கழித்து, சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல் கழித்து, நடைபெறுகிறது. ஆகவே விழா நாளில் மேடையேறும் மாணவருக்குக் கிடைப்பது புதிய தகுதியன்று. முன்னரே பெற்ற தகுதிக்கான பொது அங்கீகாரம். அந்த அங்கீகாரம் யார் முன்னிலையில், எவ்வடிவில், எவருக்கு அளிக்கப்பட்டது என்பதே பேராதனைப் பட்டமளிப்பு விழாவின் வரலாறு. கண்டி நகரின் வடபால் கட்டுகஸ்தோட்டை வீதியை ஒட்டியுள்ள, நகரத் துப்புரவுத் தொழிலாளர் வாழும் மஹய்யாவவும், மகாவலிக் கரையில் பேராதனையும் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் இருப்பினும், ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய எடுத்த காலத்தைக் கொண்டு அந்த வரலாற்றின் ஒரு பகுதியை அளந்தறியலாம்.

ஈழத்தவர் பட்டம் பெற்ற வரலாறு இலங்கையில் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு வெகு முன்னரே தொடங்கிவிட்டது. 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக அறியப்படுபவர்கள், வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடைய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் ஆவர். பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம், அதாவது அங்கு சென்று பயிலாமல் தேர்வு மட்டும் எழுதிப் பெறும் பட்டம், இலங்கையில் பரவலாயிற்று. சுவாமி விபுலாநந்தர் 1920இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றதும் இவ்வழியிலேயே. 1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரிக்கும் சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லையாதலால், அதன் மாணவர்கள் லண்டன் தேர்வுகளுக்கே தோற்றினர். படித்தது கொழும்பில், பட்டம் தந்தது லண்டனில் என்றிருந்த அக்காலத்தில், கல்வியூட்டிய ஆசிரியர்களின் முன்னிலையில் தன் பல்கலைக்கழகத்தின் கையாலேயே பட்டம் பெறும் பேறு மாணவருக்கு வாய்க்கவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906இல் அமைத்த இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கோரிக்கைக்கு இக்குறையும் பின்னணியாக இருந்தது.

1942ஆம் ஆண்டு 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவ்வாண்டு ஜூலை முதலாம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் செயற்படத் தொடங்கியது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானார். ஆளுநர் பதவி வழியால் வேந்தரானார். சுமார் 900 மாணவரோடு தொடங்கிய அந்நிறுவனம் பட்டமளிப்பு முறையையும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களைப் பின்பற்றியே அமைத்துக்கொண்டது. வேந்தர் தலைமை வகித்தல், பீடாதிபதிகள் தத்தம் பீட மாணவரை முன்வைத்தல், அதிகாரத்தின் சின்னமான செங்கோல் ஊர்வலத்தில் முன்செல்லுதல் ஆகியன அம்மரபிலிருந்து வந்தவையே. வேந்தருக்குரிய இடத்தை 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமும் மாற்றவில்லை. பல்கலைக்கழகத்தின் தலைவராகிய அவரே பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்குவார் என்றே அது கூறுகிறது. மாறியது நியமனம் மட்டுமே: முன்னர் ஆளுநரும் பின்னர் மகாதேசாதிபதியும் வகித்த அப்பொறுப்புக்கு இப்போது ஜனாதிபதி ஒருவரை நியமிக்கிறார்.

பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது இந்த இரவல் சடங்குக்கு உள்ளூர் முகம் ஒன்று கிடைத்தது. சட்டம், விவசாயம் முதலிய துறைகள் 1949இலேயே அங்கு வந்துவிட்டன. 1952 ஒக்டோபரில் பெரும் இடப்பெயர்வு நிகழ்ந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி இரண்டாம் எலிசபெத் அரசியின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் வளாகத்தை முறைப்படி திறந்துவைத்தார். வளாகத்தின் திட்ட வரைவில் பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் பங்கேற்றனர். கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ் கண்டியக் கட்டட மரபைப் புதிய கட்டடங்களுள் புகுத்தினார். அவற்றுள் மூதவைக் கட்டடம் குறிப்பிடத்தக்கது. சுவரற்ற கீழ்த்தளம், வரிசை வரிசையாக நிற்கும் செதுக்குத் தூண்கள், சரிந்திறங்கும் கூரை ஆகியவற்றால் அது கண்டி அரசர்கள் கொலு வீற்றிருந்த மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தை நினைவூட்டுகிறது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அந்த மகுல் மடுவயிலேயே என்பதால், சுதந்திரம் பெற்று சில ஆண்டுகளுக்குள் அதன் வடிவில் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம் எழுந்ததற்கு அரசியற் பொருளும் உண்டு. இன்று பட்டம் பெறுவோரில் அதன் முன்நின்று நிழற்படம் எடுக்காதவரைக் காண்பது அரிது.

விழாவின் வெளித்தோற்றமும் இவ்வாறே கலப்புற்றது. ஊர்வலத்துக்கு முன்னே சங்கு ஒலிக்க, கண்டிய நடனக் கலைஞரும் மகுல் பெர எனப்படும் மங்கல முழவை முழக்குவோரும் செல்ல, அவர்களுக்குப் பின்னே செங்கோல் ஏந்தியவரும், பதிவாளரும், மூதவை, பேரவை உறுப்பினரும், துணைவேந்தரும், நிறைவாக வேந்தரும் அரங்கினுள் நுழைகின்றனர். பேரவை என்பது நிருவாகத்துக்கும் நிதிக்கும் பொறுப்பான சபை. குத்துவிளக்கேற்றி விழா தொடங்குகிறது. மேலைநாடுகளில் அங்கியின் பின்புறம் தொங்கும் வண்ணத் துகிலும் தட்டைத் தொப்பியும் பட்டதாரியின் அடையாளமாக இருக்க, பேராதனையில் மேலங்கியும் அதன்மேல் கழுத்தில் அணியும் மாலையுமே அந்த இடத்தைப் பிடித்துள்ளன. பூவால் தொடுத்ததன்று, துணியால் அமைந்து, பட்டத்துக்கேற்ப நிறம் வேறுபடும் மாலை அது. மாணவர்கள் இவ்விரண்டையும் முற்பணம் செலுத்தி இரவலாகப் பெற்று, விழா முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதே வழமை. ஒப்படைக்கும் நேரம் நெருங்க நெருங்க, இன்னும் ஒரேயொரு படம் என்று உறவினர் ஒவ்வொருவரோடும் நிற்கும் அவசரம் வளாகமெங்கும் தொற்றிக்கொள்கிறது.

அரங்கினுள் மாணவர் எதிர்பார்க்கவேண்டியது நெடுநேரக் காத்திருப்பும் மிகச் சிறிய ஒரு கணமுமே. பட்டதாரிகளின் தொகை பெருகியதால் விழா ஒரே நாளில் முடியாமல், பீடங்களை வகைப்படுத்திப் பல அமர்வுகளாக நடைபெறுகிறது. தம் வரிசையிலும் இலக்கத்திலும் பிசகாமல் அமர்வதற்காக மாணவரை முன்கூட்டியே அழைத்து ஒத்திகை நடத்துகின்றனர். விழா நாளில் பீடாதிபதி தம் பீடத்து மாணவரை வேந்தருக்கு அறிமுகப்படுத்த, ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்பட, உரியவர் மேடையேறி, தலைதாழ்த்தி வணங்கி, சான்றிதழைப் பெற்று மறுபக்கத்தால் இறங்குகிறார். நான்கைந்து ஆண்டுப் படிப்புக்கு மேடையில் கிடைப்பது சில விநாடிகளே. பெயரைப் பிழையின்றி வாசிப்பதற்கு அதனால்தான் அவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது. நேரில் வர இயலாதோர் விண்ணப்பித்துத் தம் சான்றிதழைப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம். அவர்களின் பட்டத்துக்கும் மேடையேறியோரின் பட்டத்துக்கும் மதிப்பில் வேறுபாடு இல்லை.

மேடையில் வாசிக்கப்படும் பெயர்கள் யாருடையவை என்பது காலந்தோறும் மாறி வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஆங்கில வழிக் கல்வி பெற்ற நகர்ப்புறக் குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பான்மையினர். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், 1960ஆம் ஆண்டை ஒட்டிக் கலைத்துறைப் படிப்பு சிங்களத்திலும் தமிழிலும் தொடங்கியதும் கிராமத்து மாணவருக்கு வாயில் திறந்தன. தமிழ்த்துறையில் விபுலாநந்தருக்குப் பின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும், அவர் வழிவந்த வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன் ஆகியோரும் ஒரு தலைமுறையை உருவாக்கினர். 1957இல் முதல் வகுப்பில் தேறிய க. கைலாசபதியும், அவருடைய சமகாலத்தவரான கா. சிவத்தம்பியும் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்களே. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இரவு ரயிலில் வந்திறங்கிய மாணவருக்குப் பேராதனை அறிவின் திறப்பாக அமைந்தது. வளாகத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து பறித்த மலையகத் தமிழரின் பிள்ளைகளுக்கோ அது நெடுங்காலம் எட்டாத இடமாகவே இருந்தது.

அதற்கான காரணங்களை மஹய்யாவவில் நெருங்கிக் காணலாம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கண்டிக்கு மாநகர சபை அமைந்தது. 1867இல் கண்டிக்கு வந்த ரயில் பாதை, 1880இல் மஹய்யாவ வழியே மாத்தளை வரை நீண்டது. வளர்ந்துவந்த நகரின் தெருக்களையும் கழிவுகளையும் துப்புரவு செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள், மஹய்யாவவில் மாநகர சபை ஒதுக்கிய லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் நீளவாக்கில் அமைந்த சிற்றறைகளில், வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்வை நெருங்கியது. தோட்டத் தொழிலாளியை வறுமையும் தொலைவும் தடுத்தன. நகரத் துப்புரவுத் தொழிலாளிக்குத் தொலைவு தடையன்று. பள்ளிகளும் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருந்தன. முகவரியோடு ஒட்டிக்கொண்ட சாதி இழிவே அவருக்குத் தடையாயிற்று. பேராதனைச் சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வாவும் பி. பி. சிவப்பிரகாசமும் பரம்சோதி தங்கேஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நூல், கண்டித் துப்புரவுத் தொழிலாளரின் இந்நிலையை விரிவாகப் பதிவு செய்தது. பல்கலைக்கழகம் அம்மக்களை ஆய்வுப் பொருளாக அறிந்த அளவுக்குத் தன் பட்டதாரிகளாக அறிந்திருக்கவில்லை என்பதை அந்த நூல் வாசகருக்கு உணர்த்துகிறது.

விழா குறித்த நாளில் நடக்கும் என்ற உறுதியும் எல்லாத் தலைமுறைக்கும் கிட்டவில்லை. 1983 மே மாதத்தில் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டபோது பலர் படிப்பை இடையில் விட்டு வெளியேறினர். 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடப்பட்டதால், ஒரே ஆண்டில் நுழைந்த மாணவர் அணியினர் குறித்த காலத்துக்கு வெகு பின்னரே பட்டம் பெற்றனர். 2020இல் தொற்றுநோய்ப் பரவலும், இடையிடையே நிகழ்ந்த பணிப்பகிஷ்கரிப்புகளும் மீண்டும் அதே தேக்கத்தை ஏற்படுத்தின. பட்டம் செல்லுபடியாகும் நாளை விழா நாளிலிருந்து பிரித்து வைக்கும் முறையின் பயன் இத்தகைய காலங்களில் விளங்குகிறது. விழா பிந்தினாலும், தொழிலுக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரி தன் தகுதியை உரிய நாளிலிருந்தே காட்ட முடிகிறது.

ஆயினும் விழாவைத் தவிர்த்துச் சான்றிதழை மட்டும் பெற்றுக்கொள்ள விரும்புவோர் இன்றும் சிலரே. அரங்கின் இடநெருக்கடியால் பட்டதாரி ஒருவருக்கு வழக்கமாக இருவரை மட்டுமே உள்ளே அனுமதிக்கின்றனர். அந்த இரு அழைப்பிதழையும் யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வீட்டில் பல நாட்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. பெற்றோர் உள்ளே செல்ல, பாட்டியும் சித்தப்பாவும் தம்பி தங்கையரும் வெளியே மர நிழலில் பொதிசோற்றோடு காத்திருக்கின்றனர். மாத்தளைப் பக்கத்திலிருந்து ரயிலில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து சரசவி உயன நிலையத்தில் இறங்கும் குடும்பங்களுக்கும், மஹய்யாவவிலிருந்து பேருந்தேறி வரும் குடும்பங்களுக்கும் மூதவையின் தீர்மானமோ சான்றிதழில் குறித்த திகதியோ பொருட்டல்ல. நகரின் எந்த அலுவலகத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் பெயர் சொல்லி அழைக்கப்படாத ஒருவரின் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, நாட்டின் உயர் பதவியாளர் ஒருவர் எதிரே நின்று சான்றிதழ் வழங்குகிறார் என்பதே அவர்களைப் பொறுத்தவரை விழாவின் பொருள். லண்டனிலிருந்து வந்த மரபும் கண்டி அரசவையின் முழவும் சேர்ந்து உருவாக்கிய இச்சடங்கு, தொடக்கத்தில் ஒரு சிறு வர்க்கத்தின் தகுதியை உறுதிப்படுத்தவே பயன்பட்டது. வாயிலுக்கு வெளியே நின்ற மக்கள் தம் பிள்ளைகள் வழியாக உள்ளே வந்தபோதுதான், சட்டம் தராத மதிப்பு அதற்குக் கிடைத்தது.