சென்னைக் கடலோரப் பறவை நோக்கர் குழுக்கள்: செயற்பாடும் ஆய்வு மதிப்பும்

1. பொருளும் எல்லையும்

பறவை நோக்குதல் என்றதும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் தொலைநோக்கியோடு கிளம்பும் சிலரின் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் சென்னையைச் சுற்றியுள்ள ஈரநிலங்களைப் பற்றிய நீண்டகாலத் தரவில் கணிசமான பங்கு, ஊதியம் எதிர்பாராத இந்த ஆர்வலர்கள் சேர்த்தது. 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இவ்வகைக் குழுக்களுள் மூத்தது. அதன் இதழான ‘பிளாக்பக்’ உறுப்பினர்களின் களக்குறிப்புகளுக்கு இடம் தந்து வந்திருக்கிறது.

ஆமை நடை, பட்டாம்பூச்சிக் கணக்கு முதலிய பிற பணிகளை இக்கட்டுரை தொடவில்லை. கடலோர நீர்ப்பறவைகளை எண்ணும் பணி ஒன்றே இங்கு பொருள். அரிய பறவை ஒன்றைக் கண்டுவிட்ட செய்திக்குக் கிடைக்கும் கைதட்டலைவிட, பழகிய பறவைகளை ஆண்டுதோறும் அதே இடத்தில் சலிக்காமல் எண்ணுவதற்கே ஆய்வு மதிப்பு அதிகம் என்பது என் துணிபு.

2. களத்தின் இயல்பு

அடையாறு முகத்துவாரம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், கேளம்பாக்கம்–முட்டுக்காடு காயல், வடக்கே பழவேற்காடு ஏரி ஆகியவை முதன்மையான களங்கள். பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது.

சென்னைக் கரையில் கடல் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். எனவே சேறு வெளிப்படுவதும் மூழ்குவதும் அலையேற்றத்தை மட்டும் பொறுத்ததன்று. கரையோர நீரோட்டம் கொண்டுவந்து குவிக்கும் மணல், ஆற்றின் வாயை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். வாய் அடைபட்டிருந்தால் உள்ளே நீர் தேங்கும்; திறந்தால் நீர் வடிந்து சேற்றுத்திட்டு தலைகாட்டும். சேற்றில் மேயும் சிறு பறவையான கொசு உள்ளானின் கால் ஒரு விரல்நீளம்கூட இராது. ஆழநீரில் அதற்கு வேலையில்லை. நல்ல மழைக்குப் பின் வாய் அடைபட்டு நீர் தேங்கிய சனவரியில் காயலில் வாத்துகளும் கூழைக்கடாக்களும் மிதக்கும், உள்ளான்கள் வேறிடம் போயிருக்கும். இதை அறியாமல் இரண்டு ஆண்டுகளின் எண்ணிக்கையை அருகருகே வைத்துப் ‘பறவை குறைந்துவிட்டது’ என்று எழுதுவது பிழை. நாளிதழ்களில் ஆண்டுதோறும் அப்படித்தான் செய்தி வருகிறது.

3. எண்ணும் பணி

3.1 கணக்கெடுப்புகள்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. ஒவ்வொரு சனவரியிலும் நடக்கும் இதில் பங்குபெறுவோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தமிழக வனத்துறை அண்மை ஆண்டுகளில் நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பிலும் வனப் பணியாளர்களுக்குத் துணையாக இக்குழுவினரே சதுப்பில் இறங்குகின்றனர். பொங்கல் விடுமுறையில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. முற்றத்துக் காகத்தையும் மைனாவையும் எண்ணுவதும் அதில் கணக்குத்தான்.

3.2 முறை

முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியில் ஒருவர் கண்ணை வைத்தால் எடுப்பதில்லை. வாயால் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் நிற்பவர் எழுதுவார். கலந்து மேயும் கூட்டத்தில் முதலில் பெரியவற்றை ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பார்கள்: பூநாரை, கருவால் மூக்கன். சிறியவற்றில் ஐம்பதை எண்ணி, அந்த ஐம்பது சேற்றில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் அளந்துகொண்டு, அந்த அளவை மிச்சக் கூட்டத்தின்மேல் நகர்த்திச் செல்வார்கள். பாதியில் ஒரு பருந்து தாழப் பறந்தால் போயிற்று; அத்தனையும் ஒரே சுழலாக எழும்பும், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். எழும்பியதில் ஓர் ஆதாயமும் உண்டு. சாம்பல் நிறத்தில் ஒன்றுபோல் தெரிந்தவற்றுள் வளைமூக்கு உள்ளான் மட்டும் வாலடியில் வெள்ளைத் திட்டைக் காட்டிவிடும். ரஷ்யாவின் ஆர்க்டிக் சமவெளியில் முட்டையிடும் பறவை அது; அங்கே குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது.

4. பதிவும் பயனும்

முன்பு நோட்டுப் புத்தகத்தோடு நின்ற குறிப்புகள் இன்று ‘இ-பேர்ட்’ தளத்தில் சேர்கின்றன. நேரம், இடம், நடந்த தொலைவு ஆகியவற்றோடு, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எழுதிய முழுப் பட்டியலுக்கே அங்கு மதிப்பு. அப்போதுதான் காணாதவை எவை என்பதும் தெரியும். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வெளியான அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் அளித்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. தொலைதூரம் வலசை வரும் பறவைகளும் கரையோர உள்ளான்களும் குறைந்து வருவதாக அது காட்டியது.

எண்களுக்குச் சட்ட வலிமையும் உண்டு. ஓர் ஈரநிலத்தைப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தளமாக ஏற்பதற்கான அளவுகோல்களுள் இரண்டு, பறவை எண்ணிக்கையையே கேட்கின்றன: முறையாக 20,000 நீர்ப்பறவைகள் கூடவேண்டும், அல்லது ஓர் இனத்தின் தொகையில் 1 சதவீதமாவது அங்கு இருக்கவேண்டும். பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக்காடாகியது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் தளமாயிற்று. இதைப் பறவைப் பட்டியலின் வெற்றி என்பது மிகை. குடியிருப்போர் போராட்டமும் நீதிமன்ற வழக்குகளும் பெரும்பங்கு வகித்தன. எனினும், குப்பைமேடு என்று ஊரே பார்த்த இடத்தில் உயிர் இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகக் காட்ட, கையில் பட்டியல் இருந்தது.

5. குறைபாடுகள்

சாலையோரமும் விடுமுறை நாளும் தரவில் அளவுக்கு மீறி இடம்பிடிக்கின்றன. கேமரா பெருகிய பின் படத்துக்காகக் கூட்டத்தை விரட்டுவோரும் வந்துவிட்டனர். குழுக்கள் இதைக் கண்டிக்கத் தயங்குவது எனக்கு உடன்பாடில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பழவேற்காட்டு மீனவர்கள் ‘பாடு’ முறையில் தமக்குள் மீன்பிடி இடத்தைப் பங்கிட்டு, முகத்துவாரத்தையும் நீர்மட்டத்தையும் நாள்தோறும் கவனிப்பவர்கள். படகோட்டியாக மட்டுமே அவர்களை நடத்துகிறது பறவை நோக்கர் உலகம். பறவை எண்ணிக்கையோடு அன்றைய நீரின் ஆழத்தையும், வாய் திறந்திருந்ததா அடைபட்டிருந்ததா என்பதையும் குறித்தால்தான் இரண்டாம் பிரிவில் சொன்ன பிழை நீங்கும். அதைச் சொல்லக்கூடியவர் படகிலேயே இருக்கிறார். அடுத்த சனவரிப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும், கணக்கெடுப்போர் பட்டியலில் அவர் பெயரும் சேரட்டும்.