கம்பிவலைக் கிண்ணம் முதல் ஃப்ரீ டிஷ் வரை

செயற்கைக்கோளிலிருந்து தொலைக்காட்சியைக் கட்டணமின்றி நேரடியாகப் பெறும் வழக்கம் இந்தியாவில் 1990களின் நகரத்து மொட்டைமாடிகளில் தோன்றியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, மின்சாரம் எட்டாத ஊர்கள் உட்பட ஏறத்தாழ 2,400 கிராமங்களில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சுருக்கமாக ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை அங்கு நடைபெற்றது.

இத்திட்டத்திற்கு வித்திட்டவர் விக்ரம் சாராபாய். அமெரிக்காவின் நாசாவுக்கும் இந்திய அணுசக்தித் துறைக்கும் இடையே 1969இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1971 இறுதியில் சாராபாய் மறைந்தபின், யஷ்பாலின் தலைமையில் இயங்கிய அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் பணியை முன்னெடுத்துச் சென்றது. 1974இல் ஏவப்பட்டிருந்த ஏடிஎஸ்-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள், ஓராண்டு இரவலாக, இந்தியாவை நோக்கி ஒளிபரப்புவதற்கு ஏற்ற வகையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நேர்மேலாக நகர்த்தப்பட்டது. நிலநடுக்கோட்டின் மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவரும் கோள் தரையிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். அதனால்தான் ஒருமுறை திசை பார்த்துப் பொருத்திய ஆண்டெனாவை மீண்டும் திருப்ப வேண்டியதில்லை. இப்பாதையைத் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945லேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். கொழும்பிலிருந்த அவருடைய இல்லத்திலும் இந்தியப் பொறியாளர்கள் சென்று ஒரு ‘சைட்’ ஆண்டெனாவை நிறுவித் தந்தனர். அந்தக் கோளின் அலைக்கு மாநில எல்லையும் தேச எல்லையும் ஒன்றுதான்.

கிராமங்களில் நிறுவப்பட்ட ஆண்டெனா, கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் வேய்ந்த மூன்று மீட்டர் அகலக் கிண்ணமாகும். இதைச் சிக்கனம் கருதிய ஒட்டுவேலை என்று கொள்வது தவறு. ஏடிஎஸ்-6 ஒளிபரப்பிய 860 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். வலைக்கண்கள் அதைவிட மிகச் சிறியவை என்பதால், அலைக்கு அந்த வலை முழுத் தகடாகவே அமைந்து அதனைக் குவியத்தை நோக்கித் திருப்பிவிட்டது. அதே வேளையில் காற்று தடையின்றி ஊடுருவிச் சென்றதால் கிண்ணம் எளிதில் சாயவில்லை. மேலே இருந்த கோளில் ஒன்பது மீட்டர் அகல ஆண்டெனா விரிந்திருந்ததும், அதன் ஒளிபரப்புத் திறன் அக்காலத்து மற்றக் கோள்கள் பலவற்றைவிட மிகுதியாக இருந்ததும் தரையில் இத்தகைய எளிய கருவியே போதுமானதாக இருந்ததற்குக் காரணங்களாகும். சுருங்கச் சொன்னால், செலவும் சிக்கலும் வானத்தில் சுமத்தப்பட்டன. கிராமத்துக்கு வலையும் கம்பமும் பெட்டியும் மட்டுமே வந்து சேர்ந்தன.

காலையில் பள்ளிச் சிறாருக்கும் மாலையில் ஊராருக்குமாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நிகழ்ச்சிகள் வந்தன. வேளாண்மையும் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் மாலை நிகழ்ச்சிகளின் முக்கியப் பொருள்களாக இருந்தன. ஒரே படத்துடன் இரண்டு ஒலித்தடங்களை அனுப்ப முடிந்ததால், ஆந்திரக் கிராமம் தெலுங்கிலும் கர்நாடகக் கிராமம் கன்னடத்திலும் அதே காட்சியைக் கண்டன. ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவை எஞ்சிய நான்கு மாநிலங்கள். தமிழ்நாடு இப்பட்டியலில் இல்லை. சோதனை தொடங்கிய அதே மாதம் 15ஆம் நாள் சென்னைக்குக் கிடைத்தது தரைவழித் தொலைக்காட்சி நிலையமாகும்.

ஓராண்டு முடிந்ததும் கோள் உரியவரிடம் திரும்பியது. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி வழியாகச் சொந்தக் கோளிலிருந்து ஒளிபரப்பும் வசதி நாட்டுக்குக் கிடைத்தபோதும், அதன் பெரும்பயன் தரைவழி ஒளிபரப்பு நிலையங்களை இணைப்பதிலேயே கழிந்தது. 1991இல் ஆசியாசாட்-1 வழியாக வந்த ஸ்டார் தொலைக்காட்சி மறைகுறியீடு இல்லாமல், அதாவது பெரிய கிண்ணம் வைத்திருக்கும் எவரும் பார்க்கும்படி வெளியானது. அந்தக் கிண்ணம் தனிக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்ததால், கேபிள்காரர் ஒரு மாடியில் அதைப் பொருத்தித் தெரு முழுவதும் கம்பி இழுத்து மாதச் சந்தா வசூலித்தார். வானில் இலவசமாக இருந்தது வாசலுக்கு வருவதற்குள் விலைப்பொருளாயிற்று என்பதே இக்கட்டத்தின் சாரம்.

அரசு மீண்டும் இத்துறையில் இறங்கியது 2004 டிசம்பரில். தூர்தர்ஷன் தொடங்கி, பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர் மாற்றிய ‘டிடி டைரக்ட் பிளஸ்’ சேவையில், சிறு கிண்ணத்துக்கும் செட்-டாப் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவிட்டால் போதும், மாதச் சந்தா கிடையாது. இடம்பெற விரும்பும் தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் கட்டணம் செலுத்தி, அதை விளம்பர வருவாயில் ஈட்டிக்கொள்கின்றன. கிராமத்துக்குக் கல்வி தருவதற்காகப் பிறந்த முறை இவ்வாறு விளம்பரதாரருக்குப் பார்வையாளர் திரட்டும் முறையாக உருமாறிற்று. 2019இல் பெரிய நிறுவனங்கள் சில தம் இந்தி அலைவரிசைகளை விலக்கிக்கொண்டு அடுத்த ஆண்டே திரும்பியது, அந்தப் பார்வையாளர் தொகையின் மதிப்பைக் காட்டுகிறது.

ஏலத்தில் முந்துவோர் பெரும்பாலும் இந்தி அலைவரிசைகளே என்பதால், தமிழ் வீடுகளில் இச்சேவை வேரூன்றவில்லை. 2006 முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அவற்றில் படம் தெரிவதற்கான கேபிள் சந்தாவை மாதந்தோறும் மக்களே கட்டினர்.